கிளையை வளைத்தபோது தண்டு பிளந்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

மாடியில் தொட்டிச்செடி வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது. காகிதப்பூவை வளைவுக் கம்பியில் ஏற்றலாம், கொய்யாக் கிளையை இழுத்துக் கட்டினால் நன்றாகக் காய்க்கும் என்றார்களே, மிளகாய்ச் செடியைக் கொஞ்சம் அகலமாக விரித்துவிடலாம் என்று கிளையைப் பிடித்து மெதுவாகத்தான் அழுத்துவோம். படக். கை அப்படியே நின்றுவிடும்.

நின்ற கையை எடுக்காதீர்கள். பதறிப்போய்க் கிளையை விட்டுவிட்டால் அது துள்ளி எழும், துள்ளும்போது பாதியில் நின்ற பிளவு இன்னும் நான்கு விரல் கீழே கிழிந்துகொண்டு போகும், சில சமயம் தன் கனத்திலேயே தொங்கிப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். பிடித்தபடியே வீட்டில் யாரையாவது குரல் கொடுத்து ஒரு துண்டுக் கயிறு கொண்டுவரச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் தோளில் கிடக்கும் துண்டு போதும். கிளையின் கனத்தை முதலில் எதிலாவது தாங்கவைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது கட்டையை அல்ல, பட்டையை. கட்டை பிளந்தது பெரிய காயமாகத் தெரியும், ஆனால் பிழைக்குமா பிழைக்காதா என்பதைப் பெரும்பாலும் பட்டைதான் முடிவு செய்கிறது. வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது கட்டை வழியாக. இலையில் தயாராகும் சர்க்கரை கீழே இறங்குவது பட்டையின் உள்பக்கம் வழியாக. இரண்டுக்கும் நடுவில் தொட்டால் ஈரமாய் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, அதைத்தான் கேம்பியம் என்கிறார்கள். புதுக் கட்டையையும் புதுப் பட்டையையும் உண்டாக்குவது அந்தப் படலம்தான். பிளந்த இரண்டு பக்கத்துப் படலமும் மறுபடி ஒன்றோடொன்று தொட்டு, காயாமல், அசையாமல் இருந்தால் செடி தானே தையல் போட்டுக்கொள்ளும். நம் வேலை பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்.

இதற்கென்று நான் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். கழுவிக் காயவைத்து விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டிய பால் கவர், பழைய சைக்கிள் டியூப், ஐஸ் குச்சி, தென்னை ஈர்க்கு, கொஞ்சம் வாழைநார், புது ஷேவிங் பிளேடு, சர்ஜிக்கல் ஸ்பிரிட். ஒட்டுக் கட்டும் கிராஃப்டிங் டேப்பை ஆன்லைனில் வாங்கலாம், நல்ல பொருள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளை ஒடியும்போது கைக்கு எட்டுவது பால் கவர்தான்.

சத்தம் கேட்டது, பிளவு எங்கே என்று தெரியவில்லை

உள்ளே கட்டை நார் நாராக விட்டிருக்கிறது, பட்டை முழுசாக இருக்கிறது. இதைவிட லேசான காயம் கிடையாது. விரலால் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் மெத்தென்று இருக்கும், அதுதான் இடம். அங்கே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஐஸ் குச்சி வைத்து வாழைநாரால் கட்டிவிட்டு, அன்றைக்கு வளைக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு இன்ச்தானே என்று அழுத்துவதில்தான் பலர் மாட்டிக்கொள்வது.

தண்டு மடிந்து, நசுங்கிய ஸ்ட்ரா மாதிரி இருக்கிறது

தக்காளி, சாமந்தி, புதுசாக நீண்டு வந்த ரோஜாத் தளிர், இப்படி இளசான பச்சைத் தண்டுகளில் வருவது. மடிப்பை நிமிர்த்தி, உள்பக்கம் ஒரு ஈர்க்கை முட்டுக் கொடுத்து, மேலேயும் கீழேயும் சேர்த்துச் சுற்றுங்கள். இறுக்கம் வேண்டாம். இளந்தண்டு சீக்கிரம் பருக்கும், ஒரு வாரத்திலேயே கட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும். தக்காளி என்றால் பெரும்பாலும் பத்து நாளில் மடிந்த இடம் முழங்கை மாதிரி உருண்டு கெட்டியாகிவிடும்.

நீளவாக்கில் கீறல் விட்டிருக்கிறது

கரும்பைக் கடித்து இழுத்தால் உரியுமே, அந்த மாதிரி நார் ஓட்டத்திலேயே போன பிளவு. பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் நல்ல காயம், ஏனென்றால் தண்ணீர்ப் பாதை குறுக்கே வெட்டுப்படவில்லை. தூசி, சருகு உள்ளே இருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, இரண்டு பக்கத்தையும் அழுத்தி மூடி, பால் கவர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் மேல் பாதி ஏறியிருக்க வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருப்பது போல. மேலிருந்து கீழாகச் சுற்றினால் மழைத்தண்ணீர் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே இறங்கும்.

எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நேராக ஒட்டாதீர்கள். அவிழ்க்கும்போது பசை இளம்பட்டையைப் பிய்த்துக்கொண்டு வரும். கீழே ஒரு சுற்று பால் கவர் போட்டு அதற்கு மேல் ஒட்டினால் பரவாயில்லை. கறுப்பு வெயிலில் சுடும் என்பதால் தெற்கு, மேற்கு பார்த்த செடிகளில் அதையும் நான் தவிர்த்துவிடுவேன்.

கவட்டை பிளந்துவிட்டது

வாழ்க்கையில் நான் பார்த்த பிளவுகளில் பாதிக்கு மேல் இதுதான். மிளகாயும் கத்தரியும் ஒற்றைத் தண்டாக எழுந்து முதல் கிளை விடும் இடத்தில் உண்டிவில் மாதிரி இரண்டாகப் பிரியும். நாம் ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டும்போது மொத்த பலமும் அந்தப் பிரிவில் போய் விழும். கிளைகள் அகலக் கோணத்தில் பிரிந்திருந்தால் தாங்கும். இரண்டும் ஒட்டி ஒட்டி மேலே போகும் குறுகிய கவட்டையில் பட்டை உள்பக்கம் மடிந்து மாட்டிக்கொண்டிருக்கும், வெளியே பார்க்க ஒரே தண்டு, உள்ளே ஏற்கெனவே பாதி பிரிந்த வீடு. கை வைத்ததும் கிழிந்துவிடும்.

முதல் காரியம் பாரத்தைக் குறைப்பது. காய் இருந்தால் பறித்துவிடுங்கள், பிஞ்சு, பூ எல்லாம் சேர்த்து. பக்கத்து மாடி மாமிக்கு இந்த இடத்தில்தான் மனசு வராது, "பிஞ்சா இருக்கேப்பா, இன்னும் நாலு நாள் விடேன்" என்பார், நாலு நாளில் மொத்தச் செடியும் போயிருக்கும். பறித்த பிறகு பிளவின் அடியில் தண்ணீரோ குப்பையோ தேங்கியிருக்கிறதா பாருங்கள். மெதுவாக விரித்துக் கழுவுங்கள், விரிக்கும்போது இன்னும் கிழியாமல் பிளவின் அடியை இன்னொரு கையால் கிள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டு இரண்டு இடத்தில் வர வேண்டும், ஒரு இடத்தில் அல்ல. ஒன்று பிளவின் மேலேயே, நாடாவை இறுக்கமாக, இடைவெளி தெரியாத அளவுக்கு. இன்னொன்று பிளவுக்கு ஒரு சாண் மேலே, இரண்டு கிளையையும் எட்டு வடிவத்தில் சேர்த்துப் பிடித்திருக்கும் தளர்வான கட்டு. பலரும் முதல் கட்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மதியம் கடற்காற்று எழுந்து இரண்டு கிளையும் ஆளுக்கொரு பக்கம் ஆட ஆரம்பித்ததும் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது மறுபடி விடும். ஆட்டத்தை நிறுத்துவது மேல் கட்டுதான். தொட்டியில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி அதோடு நடுத்தண்டையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

கொய்யா, எலுமிச்சை மாதிரி கட்டை ஏறிய செடியில் கட்டைவிரலைவிடத் தடிமனான கவட்டை பிளந்தால் பால் கவர் தாங்காது. அதற்குத்தான் சைக்கிள் டியூப். இழுத்து இழுத்துச் சுற்றினால் அது தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும், தண்டு பருத்தால் கொஞ்சம் விட்டும் கொடுக்கும். இன்னும் தடியான மரம் என்றால் துளை போட்டு இரண்டு பக்கமும் வாஷர் வைத்துத் துருப்பிடிக்காத போல்ட் முடுக்குவதும் உண்டு, பெரிய மரங்களுக்குச் செய்கிற முறைதான், ஆனால் தொட்டிச்செடிக்கு அது வரை போக வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்ததற்கு மறுநாள் காலை, தெரு முழுக்க மரம் விழுந்து கிடக்க, எங்கள் மாடி டிரம்மில் இருந்த லக்னோ 49 கொய்யா கவட்டையில் விரிந்து நின்றது. பிளவுக்குள் கைவிரல் போனது. கரண்ட் இல்லை, கடை இல்லை, கட்டுவதற்கு இருந்தது வீட்டு சைக்கிளின் பஞ்சரான பழைய டியூப் ஒன்றுதான். பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் சுற்றினேன். அந்த மரத்தை இந்தக் கட்டுரையின் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

ஒரு பக்கப் பட்டையில் தொங்குகிறது

கட்டை முழுக்க ஒடிந்து, பட்டை மட்டும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே கணக்கு எளிது. சுற்றளவில் மூன்றில் ஒரு பங்காவது பட்டை ஒட்டியிருந்தால் முயற்சி செய்யலாம். ஒரு நூல் அளவுதான் மிச்சம் என்றால் வெட்டிவிடுவதுதான் கிளைக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது.

முயற்சி செய்வதென்றால் கிளையைத் தூக்கி, ஒடிந்த முனையின் சிம்புகள் அதனதன் பள்ளத்தில் போய் உட்காரும்படி பொருத்துங்கள். நீட்டிக்கொண்டு பொருந்தவிடாமல் தடுக்கும் ஒரு சிம்பை மட்டும் ஸ்பிரிட் தடவிய பிளேடால் சீவலாம். மூன்று பக்கம் குச்சி வைத்துக் கட்டுங்கள். தண்ணீர்ப் பாதை குறுகிவிட்டதால் அந்தக் கிளை இலையில் பாதியைக் கிள்ளிவிட வேண்டும். இளந்தளிர் என்றால் கிளை நுனி மேல் ஒரு கண்ணாடிப் பாலிதீன் கவரைத் தொப்பி மாதிரி மாட்டித் தளர்வாகக் கட்டலாம், ஆனால் நிழலில் மட்டும். வெயிலில் கவர் மாட்டினால் கீரை வேகவைத்த மாதிரி ஆகிவிடும்.

செம்பருத்தி இதில் கெட்டிக்காரச் செடி. பட்டை நாராக இருப்பதால் அறுந்து விழாமல் தொங்கும், சுலபமாகச் சேரும். காகிதப்பூ அப்படியில்லை, பச்சைக் கொடி எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், அதே கொடி பழுத்துப் பழுப்பானதும் சாக்பீஸ் மாதிரி ஒடியும். அரளியும் அடினியமும் பால் வடியும் செடிகள், அந்தப் பாலில் நஞ்சு இருக்கிறது, கையுறை போடாமல் தொடாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள். அடினியத்தில் சதைப்பற்றான தண்டை ஒட்டவைக்கவும் பார்க்காதீர்கள். ஒடிந்ததைச் சுத்தமாக வெட்டி நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு நட்டால் தனிச் செடி.

முருங்கைக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்னவர்கள் அதன் குணம் தெரிந்துதான் சொன்னார்கள் (அந்தப் பழமொழியின் மறுபாதி பிள்ளையை அடிப்பது பற்றியது, அதை விட்டுவிடலாம்). ஒடிந்த கிளையை அப்படியே போத்தாக நட்டுவிடுங்கள், பழைய இடத்திலும் துளிர்க்கும்.

பாதி ஒட்டிய கிளை ரோஜா, எலுமிச்சை, கொய்யா, செம்பருத்தி இவற்றில் ஒன்றாக இருந்து, சேருமா என்று சந்தேகமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. அந்தக் காயத்தையே விண்பதியமாக, அதாவது கிளை செடியில் இருக்கும்போதே வேர் பிடிக்கவைக்கும் இடமாக, மாற்றிவிடலாம். ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவைக் காயத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி வைத்து, பாலிதீனால் மூடி இரண்டு முனையும் கட்டிவிட்டால், ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் விடலாம். சேர்ந்தால் கிளை, சேராவிட்டால் கன்று.

கையோடு வந்துவிட்டது

மறுபடி ஒட்டவைக்காதீர்கள். செடியில் நிற்கும் குச்சியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். வந்த கிளையை வெட்டுக்குச்சியாக நடுங்கள். தக்காளி என்றால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமண்ணில் ஆழமாக நட்டாலே தண்டு முழுக்க வேர் விடும், அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வாழை, மூங்கில், பாம் வகைச் செடிகளில் தண்டு பிளந்தால் சேராது. அந்தச் செடிகளுக்குப் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் நான் சொன்ன படலமே கிடையாது.

நான் தொடவே இல்லை, தானாகப் பிளந்திருக்கிறது

நாலைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து, காய்ந்த தொட்டியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினீர்களா? அல்லது கத்திரி வெயில் நடுவில் திடீரென்று ஒரு கோடை மழையா? காய்ந்து கிடந்த தண்டு ஒரேயடியாகத் தண்ணீர் குடித்து உள்ளே வீங்கும், வெளித்தோல் அந்த வேகத்துக்கு விரியாது, தக்காளித் தண்டு நீளவாக்கில் வெடிக்கும். பழம் வெடிப்பதும் இதே கதைதான். ஆழமில்லாத வெடிப்பு என்றால் விட்டுவிடுங்கள், காய்ந்து தழும்பாகிவிடும். ஆழமாக இருந்தால் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டி, இனி ஒருநாள் குடமும் மறுநாள் பட்டினியுமாக இல்லாமல் தினமும் அளவாக ஊற்றுங்கள்.

நேற்றே பிளந்திருக்கிறது, இன்றுதான் பார்த்தேன்

காய்ந்து பழுப்பேறிய விளிம்பு ஒட்டாது. ஸ்பிரிட் துடைத்த பிளேடால் இரண்டு பக்கமும் மிக மெல்லிசாக, ஈரமான பச்சை தெரியும் வரை சீவிவிட்டு உடனே மூடிக் கட்டுங்கள். சென்னை மே மாத மொட்டை மாடியில் அரை மணி நேரத்திலேயே விளிம்பு காய்ந்துவிடும், மழைக்காலம் என்றால் மறுநாள் வரைக்கும்கூடச் சில சமயம் தாங்கும். சீவியும் பச்சை வரவில்லையென்றால் அந்தக் கிளையை மறந்துவிடுங்கள்.

காயத்தில் என்ன தடவுவது?

அறிகுறி இல்லை, ஆனால் எல்லோரும் கேட்பது. பிளவுக்கு உள்ளே எதையும் தடவாதீர்கள். மஞ்சள், தேன், இலவங்கப்பட்டைத் தூள், உடனே ஒட்டும் பசை, எதுவாக இருந்தாலும் இரண்டு படலத்துக்கும் நடுவில் சுவராக நிற்கும். வெளிப்பக்கம் தடவுவதிலும் பெரிய பலன் கிடையாது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டுப் புதுசாக வளர்கிறது, பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதைத்தான். மூட முடியாமல் திறந்திருக்கும் வெட்டுக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது தோப்புக்கான அளவு, நமக்கு 10 கிராம், 10 கிராம், 100 மில்லி போதும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்குங்கள், இரும்பில் வேண்டாம். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பிறகு மதியம் இலை தொங்குகிறது

சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் கவலை இல்லை, பாதை குறுகியிருக்கிறது, வெயிலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பச்சை நிழல்வலைக்கு அடியில் பத்து நாள் வையுங்கள், தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் செடிக்கு மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். மறுநாள் காலையிலும் தொங்கினால் இலையில் இன்னும் பாதியைக் குறையுங்கள். இந்தச் சமயத்தில் தண்ணீரைக் கூட்டுவது எல்லோரும் செய்யும் தப்பு. குழாய் உடைந்த இடத்தில் தொட்டியை நிரப்பி என்ன பயன், வேர்தான் அழுகும். உரமும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

இலை நன்றாகவே இருந்து மூன்று நாலு வாரம் கழித்துக் காய ஆரம்பித்தால் அது வேறு, பட்டை சேரவே இல்லை என்று அர்த்தம். கட்டை மிச்சம் இருந்ததால் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காயத்துக்குக் கீழே புதுத் தளிர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்திருக்கும், அதுவும் ஒரு அடையாளம். வெட்டிவிட்டுத் தளிரை வளருங்கள்.

கட்டுக்குள் கறுத்து ஈரமாக நாறுகிறது

அழுகல். கட்டை அவிழ்த்து, கறுப்பு முடிந்து நல்ல தண்டு தொடங்கும் இடத்துக்குக் கீழே வெட்டுங்கள், வெட்டுக்கு வெட்டு பிளேடைத் துடையுங்கள். வெறும் எறும்பு வரிசை மட்டும் என்றால் பெரும்பாலும் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

கட்டோ கம்பியோ தண்டுக்குள் இறங்கிவிட்டது

அவிழ்க்கப் பார்க்காதீர்கள், கட்டரால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். இந்த ஊரில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து தண்டு வேகமாகப் பருக்கும், குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்லும் மாசக் கணக்கு இங்கே ஒத்துவராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

எப்போது வளைத்தாலும் ஒடிகிறது

காலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு வளைக்கிறீர்கள். அப்போது தண்டு நீர் நிறைந்து விறைத்து நிற்கும். தண்ணீர் விடுவதை ஒருநாள் தள்ளிப்போட்டு, சாயங்காலம் இலை லேசாகத் துவளும் நேரத்தில் செய்து பாருங்கள், அதே கிளை ரப்பர் மாதிரி வரும். வளைக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டி இளக்குங்கள். ஒரே நாளில் முழுக்கவும் வேண்டாம், கயிற்றை நாளைக்கு இரண்டு விரல் என்று இறக்கினால் ஒரு வாரத்தில் படுத்துவிடும். தடித்த கிளை என்றால் ஈர வாழைநாரை முதலில் சுற்றிவிட்டு வளையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கிளையை இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் நடுத்தண்டை ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், இதைச் செய்தாலே கவட்டை பிளப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

கட்டு போட்ட இடம் புடைத்துக்கொண்டிருக்கிறது

நல்ல செய்தி. இளந்தண்டு என்றால் இரண்டு மூன்று வாரத்தில், கட்டை ஏறிய கிளை என்றால் இரண்டு மாதம் வரை ஆகலாம், காயத்தின் ஓரங்களில் வெளிறிய சதை உருண்டு வரும். அது வரும் வரை திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் தையலைப் பிரிக்கிறீர்கள். வந்த பிறகு பிளவின் மேல் சுற்றிய நாடாவை எடுத்துவிடலாம், மேலே இருக்கும் எட்டு வடிவக் கட்டு மட்டும் ஒரு மழைக்காலம் முடியும் வரை இருக்கட்டும்.

எங்கள் கொய்யாவின் டியூபைப் பொங்கலுக்கு அப்புறம்தான் அவிழ்த்தேன். பிளவு இருந்த கோட்டின் இரண்டு பக்கமும் விரல் தடிமனுக்குப் புடைப்பு, நடுவில் ஒரு மெல்லிய வடு. அடுத்த ஆடி மாதம் அந்த இரண்டு கிளைகளில் ஒன்றைத்தான் கீழே இழுத்துக் கட்டினேன், இந்தத் தடவை நடுத்தண்டுக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டு.